வட்டம் போட்ட மச்சம்

என் அண்ணி யாரோடு பேசினாலும் அவர் பார்வை நேராகக் கண்ணுக்குப் போகாது. முதலில் கன்னத்தில் இறங்கும், மூக்கோரத்தைச் சுற்றும், நெற்றிக்கு ஏறும். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கண்ணுக்கு வந்து நிற்கும். பழகாதவர்கள் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருப்பவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா, என் மூஞ்சில என்ன பேப்பரா ஒட்டியிருக்கு? அப்படிப் படிக்கிற!"

"இல்லண்ணே, ஒரு பக்கம் மட்டும் ரொம்பக் கருத்திருக்கு. வெயில் இந்தப் பக்கமாத்தான் கடைக்குள்ள வருதா?"

"வெயிலுக்கும் என் அழகு பிடிச்சிருக்கு, என்ன பண்றது?" என்று அவர் சிரித்தார்.

அண்ணி பள்ளி முடித்ததும் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதுதான் அவர் வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் என்று எது இருந்தாலும் பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பூசி மறைத்துவிடுவார். கல்யாணப் படம் என்றால் மச்சத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். அங்கே அவருக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணன் இன்றைக்கும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ரப்பர் மேடத்துக்கு என் மூஞ்சிய அழிச்சிட்டு வேற ஒண்ணு வரையணும்னு ஆசை."

"அழிச்சிடலாம். கீழ என்ன இருக்குமோன்னுதான் பயமா இருக்கு," என்பார் அண்ணி.

ஸ்டுடியோவில் ஆட்களைக் குறைத்தபோது, முகத்துக்கு அழகு சிகிச்சை செய்யும் ஒரு தோல் கிளினிக்கில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். முகத்தைப் படமெடுத்து, தோலில் என்னென்ன குறை இருக்கிறது என்று அதுவே சொல்லும். அதற்கு என்ன சிகிச்சை என்றும் சொல்லும். படம் தெரிந்த, கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அண்ணிக்கு இரண்டும் தெரியும்.

அந்த அறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. சுவரின் நிறம் முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காக நான்கு சுவருக்கும் சாம்பல் பூசியிருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதற்கு முன்னால் பாதியாக வெட்டிய பெரிய முட்டை ஓடு போல வெள்ளை மெஷின். வருகிறவர் முகம் கழுவி, கழுவிய சிவப்பு அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அண்ணி தலைமுடியைக் கறுப்புப் பட்டையால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, தோளில் கறுப்புத் துணி போர்த்தி, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்வார். "கண்ண மூடிக்கங்க, சிரிக்காதீங்க, மூச்சு மட்டும் விடலாம்." மெஷின் மூன்று விதமான வெளிச்சத்தில் படமெடுக்கும். முதலாவது சாதாரண வெளிச்சம். இரண்டாவது, தோலின் பளபளப்பை நீக்கிவிட்டுச் சிவப்பையும் பழுப்பையும் தனித்தனியாகக் காட்டும். மூன்றாவது ஊதா. வெறும் கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்கு அடியில் கிடப்பதெல்லாம் அதில் மேலே வந்துவிடும். அந்த மூன்றாவது படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் நிறையப் பேர். அதற்காக அண்ணி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருந்தார்.

படம் முடிந்ததும் மதிப்பெண் வரும்; குறை குறைந்தால் அது ஏறும். பழுப்புத் திட்டாகப் படரும் மங்குக்கு இவ்வளவு, பருவுக்கு இவ்வளவு, சுருக்கத்துக்கு இவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் 'தோல் வயது'. கீழே என்ன சிகிச்சை, எத்தனை முறை என்று கம்ப்யூட்டரே எழுதிவிடும். வாரத்தில் இரண்டு மாலை ஒரு டாக்டர் வந்து அந்த ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெஷினுக்கு மச்சமும் ஒன்றுதான், மங்கும் ஒன்றுதான். பழுப்பாக எதைப் பார்த்தாலும் குறை என்று எண்ணிவிடும். அதனால் ஒருவர் முதல்முறை வரும்போதே, அவர் முகத்தில் உள்ள மச்சங்களையும் பழைய தழும்புகளையும் சுற்றி மவுஸால் வட்டம் போட்டுவிட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பதை மெஷின் எண்ணாது. அடுத்த முறை வரும்போது அதே முகம் என்று தெரிந்துகொண்டு பழைய வட்டங்களைத் தானாகவே அதே இடத்தில் போட்டுக்கொள்ளும். ரிப்போர்ட்டில் அந்த இடங்கள் சாம்பல் நிறத்தில் அடைபட்டு வரும். டாக்டர் பார்ப்பதும் அந்த ரிப்போர்ட்டைத்தான்.

நீச்சல் டீச்சர் அந்த மெஷினுக்கு முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தது சென்ற வருடத்துக்கு முந்திய வருடம். பக்கத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளியின் திறந்தவெளி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெயிலில் நிற்பவர். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. குளத்தின் அந்தக் கரையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பழகியதால், பக்கத்தில் இருப்பவரிடமும் அதே சத்தத்தில்தான் பேசுவார்.

"ஏம்மா, இது கடிக்குமா?"

"கடிக்காது டீச்சர். கண்ண மூடிக்கங்க."

"கண்ண மூடினா வயசக் குறைச்சுச் சொல்லுமா?"

அது கூட்டித்தான் சொன்னது. ஐம்பத்தெட்டு. டீச்சருக்கு அப்போது நாற்பத்தாறு.

"அடப்பாவி! என் தோல் எனக்கு அக்காவா?" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அண்ணிக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து அவரைப் போலவே பேசிக் காட்டினார்.

டீச்சரின் இடது காதுக்கு முன்னால், முடி விழுந்து மறைக்கும் இடத்தில், பருப்பு அளவு பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தது.

"இது மச்சமா டீச்சர்?"

"எப்பவும் இருக்கறதுதான்னு நினைக்கிறேன். அங்க யாரு பாத்தா?"

அண்ணி வட்டம் போட்டார்.

சிகிச்சை நடந்தது. பூசுவதற்கு மருந்து, தோலை மெல்ல உரிக்கும் திரவம், பிறகு லேசர். மங்கு உண்மையாகவே குறைந்தது. தோல் வயது இறங்க இறங்க டீச்சர் அறைக்குள் நுழையும்போதே, "இன்னிக்கு நான் எந்த கிளாஸ் படிக்கறேன் பாரு," என்பார். நடுவில் ஒருமுறை மதிப்பெண் இறங்கிவிட்டது. வட்டத்துக்கு வெளியே பழுப்பாக ஓர் இழை தெரிகிறது என்று மெஷின் அதை மங்குக் கணக்கில் சேர்த்திருந்தது. கிளினிக்கை நடத்தும் மேடம் தோளுக்குப் பின்னால் நின்று, "இத்தனை சிட்டிங்குக்கு அப்புறம் ஏன் இறங்குது?" என்றார். டீச்சரின் முகம் வாடிப்போயிற்று. தலை கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கும், அதனால் வட்டம் நகர்ந்திருக்கும் என்று நினைத்தார் அண்ணி. வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கினார். மதிப்பெண் ஏறிவிட்டது. சில மாதம் கழித்து மறுபடியும் அப்படியே ஆயிற்று. மறுபடியும் பெரிதாக்கினார். ஸ்டுடியோவில் இதைவிடப் பெரிய புள்ளிகளை யோசிக்காமல் அழித்த கை அது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. டீச்சரின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய போஸ்டராக வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். டீச்சருக்கும் சந்தோஷம். "மாட்டுங்க, மாட்டுங்க. எங்க பசங்க பாத்துட்டு முதல் படம்தான் ஒரிஜினல்னு சொல்லுவானுங்க."

போஸ்டருக்குச் சாம்பல் அடைப்புள்ள படம் உதவாது. வட்டங்களை எடுத்துவிட்டு மூலப் படங்களைத் திறக்க வேண்டும். அண்ணி இரண்டையும் திறந்து திரையில் அருகருகே வைத்தார். கன்னங்களைச் சரிபார்த்தார். பிறகு காதோரத்துப் புள்ளியைப் பூசி மறைப்பதற்காக அந்த இடத்தைப் பெரிதாக்கினார்.

முதல் படத்தில் அது பருப்பு போல உருண்டையாக இருந்தது. கடைசிப் படத்தில் அதற்கு உருவமே இல்லை. ஈரக் காகிதத்தில் மை ஊறியது போல ஒரு பக்கம் ஓடியிருந்தது. ஒரு மூலை கறுப்பு, நடுவில் வெளிறிய இளஞ்சிவப்பு. ஊதா வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது இன்னும் அகலமாக, காது மடல்வரை போயிருந்தது. அண்ணி நடுவில் எடுத்த படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணி தோளில் பையோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பையைக் கழற்றவில்லை. அண்ணன் டீ போட்டுக்கொண்டு வந்து நீட்டினான். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ என்ன டாக்டரா?" என்றான் அண்ணன். "மச்சம் பெரிசாகறது எல்லாருக்கும் நடக்கறதுதானே."

"இப்படி ஆகாதுங்க. மெஷின் கம்பெனிக்காரங்க டிரெய்னிங்ல ஒரு படம் காட்டினாங்க. உருவம் மாறுற மச்சம், ரெண்டு நிறமா இருக்கற மச்சம், இதுக்கெல்லாம் சிகிச்சை பண்ணாதீங்க, முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு. அது மாதிரியே இருக்கு."

"அப்ப உங்க டாக்டர்கிட்ட சொல்லு."

"அவர் ஊர்லயே இல்ல. அடுத்த வாரம்தான் வர்றார். டீச்சருக்கு நாளன்னிக்கு லேசர், இந்தத் தடவ காதோரம்வரைக்கும். லேசர் பட்டா மேல இருக்கற கருப்பு போயிடும். அடில இருக்கறது அப்படியே இருக்கும். அப்புறம் யார் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது."

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அண்ணன் அதற்குப் பிறகு ஒரு கிண்டலும் செய்யவில்லை.

மறுநாள் அண்ணி மேடத்திடம் போய்ச் சொன்னார். மேடம் மோசமானவர் என்று நான் எழுதினால் அது பொய். என் அண்ணனுக்கு முதுகுவலி வந்து படுத்தபோது அண்ணிக்குக் கேட்காமலே லீவு கொடுத்தவர் அவர். ஆனால் அன்றைக்கு அவரும் பயந்துவிட்டார். அந்தப் பேச்சை அண்ணி எனக்கு அப்படியே சொன்னார்.

"நீ படம் எடுக்கறவ. அது என்னன்னு டாக்டர் சொல்லட்டும்."

"டாக்டர் வர்றதுக்குள்ள லேசர் முடிஞ்சிடும் மேடம்."

"சரி, அந்த இடத்த விட்டுட்டு அடிக்கச் சொல்றேன். போதுமா?"

"அவங்ககிட்ட சொல்லணும் மேடம்."

"என்னன்னு சொல்லுவ? இவ்வளவு நாளா நாங்களே வட்டம் போட்டு மூடி வெச்சிருந்தோம்னா? நாளைக்கு அது வெறும் மச்சம்னு வந்துச்சுன்னா, ஒரு மனுஷிய சும்மா பயமுறுத்தினதுக்கு யார் பதில் சொல்றது? இல்ல வேற மாதிரி வந்துச்சுன்னா... அதுக்கும் நீதான் பதில் சொல்லணும், தெரியுதா? நான் உன்னப் பத்தியும்தான் யோசிக்கறேன்."

அந்த 'போதுமா' தனக்குப் போதும் போலத்தான் இருந்தது என்றார் அண்ணி. டாக்டர் வரட்டும், அவரே பார்த்துச் சொல்லட்டும், வட்டம் யார் போட்டது என்ற பேச்சே எழாமல் போய்விடும். அன்று சாயங்காலம் முழுக்க அவர் அந்த எண்ணத்தோடுதான் இருந்தார் என்று நினைக்கிறேன். காய் நறுக்கினார், துணி மடித்தார். மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தார். நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, அந்த டாக்டரும் ரிப்போர்ட்டத்தானே பார்ப்பார்? அதுல சாம்பல்தானே இருக்கும்?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் குட்டி. நீ வேற சொல்லாத." கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் காலைல என்கூட வா. தனியாப் போனா கேட்லயே திரும்பி வந்துடுவேன்," என்றார்.

குளத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியிலேயே குளோரின் வாடை அடித்தது. உள்ளே தரையெல்லாம் ஈரம். சின்னப் பிள்ளைகள் கரையோரம் வரிசையாக நின்று குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கழுத்தில் விசில், தலையில் காதுவரை இழுத்துவிட்ட ரப்பர் தொப்பி. அண்ணியைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி.

"அட, மெஷின் அம்மா! நீச்சல் கத்துக்க வந்தியா? வா, வா. கண்ண மூடிக்க, சிரிக்காத, மூச்சு மட்டும் விடாத!"

அண்ணி சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம் டீச்சர், படம் ஒண்ணு காட்டணும்," என்று போனை நீட்டினார். வட்டம் இல்லாத படம் அது, அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கியது. டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னது இது, தீவு மேப் மாதிரி?"

"இது நீங்க டீச்சர். உங்க காது பக்கத்துல இருக்கறது. இந்தப் பக்கம் இருக்கறது நீங்க முதல் நாள் வந்தப்ப எடுத்தது."

டீச்சரின் கை தொப்பியின் ஓரத்துக்குப் போய் அதைக் காதுக்கு மேல் தூக்கியது. நான் அப்போதுதான் அதை நேரில் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட அது சாதுவாகத்தான் தெரிந்தது.

"இன்னிக்கு லேசருக்குப் போகாதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா காட்டணும்."

"மச்சம்னு வட்டம் போட்டது நீதான?"

"ஆமா."

"பெரிசாகறது உனக்குத் தெரிஞ்சுதா?"

"வட்டம் பத்தலன்னு ரெண்டு தடவ பெரிசாக்கினேன் டீச்சர். மச்சம் வளருதுன்னு தோணல. வட்டம் சின்னதா இருக்குன்னுதான் தோணுச்சு."

"எதுக்குப் பெரிசாக்கின?"

"மார்க் இறங்கிச்சு."

டீச்சர் தொப்பியை மறுபடியும் காதுவரை இழுத்துவிட்டார்.  வரிசையின் முன்னால் நின்ற ஒரு பொடியன், "டீச்சர், குதிக்கட்டுமா?" என்றான்.

"குதிக்காத!" டீச்சரின் குரல் உடைந்தது. "யாரும் குதிக்காதீங்க. எல்லாரும் பின்னாடி போங்க. துண்ட எடுத்துக்கங்க. போங்க."

பிறகு அண்ணியிடம் திரும்பினார். "மார்க்குக்காக என் மூஞ்சிய மூடி வெச்சிட்ட. நானும் ஒவ்வொரு தடவையும் பல்லக் காட்டிட்டு மார்க்கப் பாத்துட்டுப் போயிருக்கேன். ரெண்டு பேரும் நல்லா இருந்தோம், இல்ல?"

அண்ணி தலையை ஆட்டினாரா, ஆட்டவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது ஈரத்தில் வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்றைக்கே டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே கொஞ்சம் தோலை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதோடு, எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது என்று பார்க்கப் பழைய படங்கள் எல்லாம் தேதியோடு வேண்டும் என்றார்களாம். டீச்சர் அண்ணிக்குப் போன் செய்து அதை மட்டும் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று அண்ணி கேட்கவில்லை, டீச்சரும் எதுவும் கேட்கவில்லை.

அண்ணி மேடத்திடம் போனார். டீச்சர் கேட்கிறார், அவர் முகம், அவர் படம் என்றார். மேடம் வெகுநேரம் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் டீ குடிக்கப் போறேன். வர்றதுக்குள்ள எடுத்துக்க," என்று எழுந்து போனார். டீயை அவர் எப்போதும் அறைக்கே வரவழைத்துக் குடிப்பவர்.

மூலப் படங்கள் மட்டும் போதும். வட்டம் போட்ட ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. அண்ணி அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அதுலதான் எப்ப எப்ப பெரிசாக்கினேன்னு இருக்கு," என்றார். ஆஸ்பத்திரி டாக்டர் ஓர் இளம்பெண். டீச்சர் ஒரு நாற்காலியில், அண்ணி கதவருகில். டாக்டர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த வட்டம் யார் போட்டது?"

"நான்தான் டாக்டர்."

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அண்ணி பிறகு சொன்னார்.

முடிவு வந்தது. அது மச்சம் இல்லை. தோலில் வரும் புற்றுநோய்களில் மோசமான வகை. காதுக்கு முன்னால் அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று கழுத்தில் உள்ள நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் புள்ளி ஆழமாகப் போயிருந்ததால், பல வருடங்களுக்கு விடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் டீச்சரிடம் சொன்னாராம்: "அந்த இடத்துல லேசர் அடிச்சுட்டு வந்திருந்தீங்கன்னா என்னால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா சின்னதா எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

இந்த இரண்டில் அண்ணிக்கு இரண்டாவது மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. அண்ணன் முதலாவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டான். பயனில்லை.

கிளினிக்கில் போஸ்டர் யோசனை போன இடம் தெரியவில்லை. முடிவைக் கேட்டதும் மேடம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். பிறகு அவரும் அண்ணியும் சாம்பல் அறையில் உட்கார்ந்து பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய வட்டங்களையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சந்தேகமாகத் தெரிந்தவர்களைப் போனில் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நல்லவேளை, எல்லோருக்கும் சாதாரண மச்சம்தான். ஒரு அம்மா மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிளினிக்குக்கு வந்து, "எனக்குப் பொறந்ததுலேர்ந்து இருக்கற மச்சம்மா இது! இத வெச்சுத்தான் எங்க வீட்டுல என்னையும் என் தங்கச்சியையும் அடையாளம் கண்டுபிடிப்பாங்க. எம் புருஷன் ரெண்டு நாளா சாப்பிடல!" என்று கத்திவிட்டுப் போனார். அண்ணி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அடுத்த போனையும் செய்தார்.

சாதாரண நாளாக இருந்தால் இதையெல்லாம் அண்ணி வீட்டில் நடித்துக் காட்டியிருப்பார். இப்போது காட்டுவதில்லை. வேலையை விட்டுவிடு என்றான் அண்ணன். "விட்டா அந்த கம்ப்யூட்டர் முன்னாடி வேற யாராவது உக்காந்து வட்டம் போடுவாங்க," என்றார். வேறு காரணங்களும் இருக்கும். வீட்டு வாடகை அவர் சம்பளத்தில் போகிறது, அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

போன வாரம் டீச்சரைப் பார்க்கப் போனோம். குளத்தில் வேறொருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். டீச்சர் நிழலில் நாற்காலி போட்டு, அகலமான தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கன்னத்தின் ஒரு பக்கம் கட்டு. வெயிலில் நிற்கக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "காலை மடக்காதடா, தவளையப் பாத்ததில்லையா நீ?" என்று கத்திக்கொண்டிருந்தார். வாயை அகலமாகத் திறக்க முடியாததால் பாதி வார்த்தை காற்றாக வந்தது.

அண்ணி பக்கத்தில் போய் நின்றார். டீச்சர் குளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உனக்கு நன்றி சொல்லணுமா, உன்னத் திட்டணுமான்னு எனக்குத் தெரியல. வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"திட்டுங்க டீச்சர்."

"திட்டிட்டேன்னு வெச்சுக்க. வாயத் திறந்தா தையல் இழுக்குது."

அண்ணி நின்றுகொண்டே இருந்தார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ படம் எடுக்கணுமாம், உடம்பு முழுக்க. ஆஸ்பத்திரிலயே எடுக்கறாங்க. உன்கிட்ட வர மாட்டேன்."

"வர வேண்டாம் டீச்சர்."

"நான்தான் வர மாட்டேன்னு சொல்றேன், நீ என்ன வேண்டாம்ங்கற? பெரிய இவ மாதிரி."

சிரிப்பு வந்தது இருவருக்கும். டீச்சருக்கு வலித்திருக்க வேண்டும், சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் விரல்கள் கழுத்துக்கு இறங்கி, தாடைக்கு அடியில் மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்த்தன. கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தினமும் அப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை அண்ணியும் நானும் மூச்சுவிடாமல் நின்றோம்.

"ஒண்ணும் இல்ல," என்றார் டீச்சர், எங்களிடம் சொல்வது போல இல்லாமல். பிறகு, "அடுத்த மாசம் ஸ்கேன். ரிசல்ட் வந்ததும் சொல்றேன். நீயா போன் பண்ணிக் கேக்காத, என்னால அதத் தாங்க முடியாது," என்றார்.

"சரி டீச்சர்."

அண்ணி போன் செய்யவில்லை. போனில் சார்ஜ் குறையாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்.